ஓடாமல் நின்ற கேரவன்: சித்தியவானில் பருவத்துக்கு முந்தைய வேலைகள்

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவன்களோடு வரும் கையேடுகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. குளிர்காலத்துக்கு முன் குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வடித்துவிட வேண்டும், உறைந்தால் குழாய் வெடித்துவிடும், வசந்தம் பிறந்ததும் கழுவி நிரப்ப வேண்டும் என்று அவை பக்கம் பக்கமாகச் சொல்லும். சித்தியவானில் தண்ணீர் உறைவதில்லை. ஆகவே பலர் அந்தப் பக்கங்களைப் புரட்டித் தள்ளிவிட்டு, பள்ளி விடுமுறைக்கு முதல் நாள் வண்டியை வெளியே இழுத்து, தூசு துடைத்து, அப்படியே தெலுக் பாத்தேக் கடற்கரைக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

"ஓடாத வண்டிக்கு என்னண்ணே கெடுதல் வரப்போகுது?" என்று பட்டறையில் கேட்பவர்களும் உண்டு. கேரவனைப் பொறுத்தவரை நின்ற மாதங்களில்தான் கெடுதல் அதிகம். தீபகற்ப மலேசியாவில் காற்றின் மாதச் சராசரி ஈரப்பதம் 70 முதல் 90 விழுக்காடு வரை இருக்கிறது. லுமுட் கடல் சித்தியவானுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் உப்புக் காற்று வீட்டுக் கொல்லை வரை வருகிறது. ஆயர் தாவார் பக்கம் பால்மரம் நின்ற நிலங்களில் இப்போது செம்பனை நிற்கிறது. செம்பனைப் பழம் இருக்கும் இடத்தில் எலிக்குப் பஞ்சமில்லை. ஈரம், உப்பு, எலி, குளவி இந்த நான்கும் சேர்ந்து ஆறு மாதத்தில் செய்யும் வேலையை எந்தச் சாலைப் பள்ளமும் செய்துவிடாது.

முதலில் நாள் குறிக்க வேண்டும். மேற்குக் கரையில் மழை இரண்டு முறை உச்சத்துக்குப் போகிறது: அக்டோபர்–நவம்பரில் ஒன்று, ஏப்ரல்–மே மாதங்களில் மற்றொன்று. இடையே ஜனவரி–பிப்ரவரியும் ஜூன்–ஜூலையும் ஓரளவு காய்ந்த காலம். வானிலைத் துறையின் நிலையம் ஒன்று சித்தியவானிலேயே இருப்பதால் இவ்வட்டார முன்னறிவிப்பு தனியாகக் கிடைக்கிறது. வசந்தம் இல்லாத ஊரில் கேரவன் பருவம் என்பது ஆண்டுத் தொடக்கத்தின் இந்தக் காய்ந்த இடைவெளிதான். தைப்பூசம், சீனப் புத்தாண்டு, மாசி மகம் எல்லாம் இதே வாரங்களில் வரிசையாக வந்துவிடும். சித்தியவான் 1903-இல் ஃபூச்சோ சீனர்கள் குடியேறி வளர்த்த ஊர். புத்தாண்டுக்கு வெளியூர்ப் பிள்ளைகள் எல்லாம் திரும்பி வருவார்கள். டயர் கடையும் பட்டறையும் பல நாள் அடைத்துக் கிடக்கும். மாசி மகத்துக்குப் பங்கோர்த் தீவின் பத்ரகாளியம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டம் லுமுட் படகுத்துறையை நிறைத்துவிடும். எனவே டிசம்பர் நடுவிலேயே வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. புது டயரோ பேரிங்கோ தேவை என்று தெரிந்தால் வாங்கிப் பொருத்த அவகாசம் இருக்கும்.

வேலையை மூக்கிலிருந்து தொடங்கலாம். முதல் நாள் மாலை எல்லாச் சன்னலையும் சாத்திவிட்டு, மறுநாள் காலை கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டினால் முதல் மூச்சிலேயே தெரிந்துவிடும். நனைந்த அட்டை வாசம் வந்தால் எங்கோ தண்ணீர் இறங்குகிறது. அடுத்தது கட்டைவிரல். கூரையும் சுவரும் சேரும் மூலைகள், சன்னலுக்குக் கீழ்ப்பகுதி, வாசலை ஒட்டிய தரை, இவற்றை அழுத்திப் பார்க்க வேண்டும். பலகை மெத்தென்று உள்வாங்கினால் உள்ளிருக்கும் சட்டம் உளுக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். சந்தேகம் இருந்தால் மரத்தின் ஈரம் அளக்கும் கருவி ஒன்றை வாங்கிவிடலாம்; பெரிய விலை இல்லை. பிரிட்டனில் கேரவன் பரிசோதகர்கள் கையாளும் அளவு இது: 15 விழுக்காடு வரை கவலை வேண்டாம், 15 முதல் 20 வரை கண்காணிக்க வேண்டும், 20-ஐத் தாண்டினால் பிரித்துப் பார்க்க வேண்டும், 30-க்கு மேல் போனால் சட்டமே கெட்டிருக்கக்கூடும். நம் காற்றின் ஈரத்தில் எண் சற்றுக் கூடுதலாகவே காட்டும். ஆகவே ஒரே இடத்து எண்ணை மட்டும் நம்பாமல், வண்டியின் உலர்ந்த பகுதியோடு ஒப்பிட வேண்டும். மற்ற இடமெல்லாம் 14 காட்டும்போது ஒரு மூலை மட்டும் 25 காட்டினால் ஒழுக்கு அங்கேதான்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க இருவர் வேண்டும். ஒருவர் உள்ளே டார்ச் லைட்டோடு உட்கார, மற்றவர் வெளியே சாதாரண ரப்பர் குழாயில் தண்ணீர் விட வேண்டும். கீழிருந்து மேலாக, ஒவ்வொரு பகுதிக்கும் சில நிமிடம் என்று பொறுமையாக விட்டால்தான் எந்த மட்டத்தில் தண்ணீர் நுழைகிறது என்பது தெரியும். மேலிருந்து விட்டால் ஒழுகி வரும் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்து ஆளைக் குழப்பிவிடும். கார் கழுவும் கடைகளில் உள்ள உயர் அழுத்தப் பீச்சான் கூடவே கூடாது. நல்ல ஒட்டையும் அது பிய்த்துவிடும். கூரையில் காற்றுத் துவாரம், ஆண்டெனா, சூரியத் தகடு பொருத்திய இடங்களைச் சுற்றிப் பூசிய ஒட்டு வெயிலில் வெடித்திருக்கும். பழையதைச் சுரண்டி எடுத்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, கேரவன் கூரைக்கென்றே விற்கும் ஒட்டைப் பூச வேண்டும். வன்பொருள் கடையில் கைக்குக் கிடைக்கும் குளியலறை சிலிக்கானைப் பூசுவது பெரிய பிழை. அதன் மேல் பிறகு எந்த ஒட்டும் பிடிக்காது. அடுத்த முறை பழுது பார்ப்பவர் அதைச் சுரண்டி எடுப்பதற்குள் நொந்துவிடுவார்.

பூஞ்சை படர்ந்த சுவரை வினிகர் தொட்டுத் துடைத்து, மெத்தைகளை வெளியே எடுத்து வெயிலில் போட வேண்டும். ஓர் எச்சரிக்கை: வினிகரும் குளோராக்ஸும் ஒரே நாளில், ஒரே துணியில், ஒரே வாளியில் சேரக்கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய சிறிய கேரவனுக்குள் அது நுரையீரலைப் பதம் பார்க்கும்.

இந்த வேலையெல்லாம் ஆண்டுதோறும் பெருகாமல் இருக்க ஒரே வழி, வண்டியை நிறுத்தும் இடம். தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டினால் மழை நிற்கும், ஈரமும் உள்ளேயே நிற்கும். ரம்புத்தான் மரத்து நிழலில் விட்டால் எறும்பும் இலைக்கறையும் வரும். நான்கு பக்கமும் திறந்த தகரக் கொட்டகை போட்டு, உள்ளே சன்னல்களைக் கொசுவலையோடு சற்றுத் திறந்து வைப்பதற்கு ஈடான பாதுகாப்பு வேறில்லை. விலையுயர்ந்த மேல்விரிப்புப் பந்தலுக்குச் செலவழிக்கும் முன் அந்தப் பணத்தைக் கொட்டகைக்குப் போடுவதே அறிவுடைமை.

அடுத்து வண்டியின் அடிப்பகுதி. கேரவன் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகிறது. பள்ளம் புதுசு போல ஆழமாக இருக்கும். பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். ஐந்து வயதுக்கு மேல் கூர்ந்து கவனிக்க வேண்டும்; ஏழு வயதைத் தொட்டால் பள்ளம் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். உபரி டயருக்கும் இதே கணக்குதான், அதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. காற்றழுத்தத்தைக் காலையில், வெயில் படுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற டயர் தரையில் பட்ட பக்கம் தட்டையாகிவிடும் என்பதால், மாதம் ஒருமுறை வண்டியைக் கால் சுற்று நகர்த்தி வைப்பது நல்ல பழக்கம்.

பேரிங்குக்கு ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, கையால் சுழற்றிக் காது கொடுக்க வேண்டும். கரகரவென்ற ஓசை வந்தாலோ, மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது தொய்வு தெரிந்தாலோ கழற்றத்தான் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பழைய கிரீஸைத் துடைத்தெடுத்துப் புதியதை அடைக்க வேண்டும். கடற்கரையில் அடிக்கடி நிறுத்துபவர்கள் அதற்கும் முன்பே. படகு இழுக்கும் டிரெய்லர்களைப் பழுது பார்த்துப் பழகிய பட்டறை கிடைத்தால் அங்கேயே கொடுக்கலாம். உப்புத் தண்ணீர் பேரிங்கையும் பிரேக்கையும் என்ன செய்யும் என்பதை அவர்கள் தினமும் பார்க்கிறவர்கள். மணலில் நிறுத்திவிட்டு வீடு திரும்பிய அன்றே அடிப்பகுதி முழுவதையும் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டால், அடுத்த பருவத்துக்கு முந்தைய வேலையில் பாதி முடிந்தது போலத்தான்.

இணைப்புக் குண்டின் அளவையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பியக் கேரவன்களின் பிடி 50 மில்லிமீட்டர் குண்டுக்குச் செய்யப்பட்டது. அமெரிக்க அளவான 2 அங்குலம் என்பது 50.8 மில்லிமீட்டர். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும் இந்த இரண்டையும் மாற்றிப் பொருத்தினால் ஒன்று பிடி முழுதாகப் பூட்டாது, அல்லது தளர்வாக ஆடும். அறுபட்டால் பிரேக்கை இழுத்துவிடும் கம்பியும் பாதுகாப்புச் சங்கிலியும் துருவில்லாமல் இருக்க வேண்டும்.

எடை விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். இணைப்பின் மேல் இறங்கும் எடை போதாமல் போனால் வேகத்தில் கேரவன் வாலாட்டத் தொடங்கி, காரையும் சேர்த்து இழுத்துப்போகும். அமெரிக்க வடிவமைப்புகளுக்கு மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு முன்பக்கம் இறங்க வேண்டும் என்கிறார்கள். ஐரோப்பிய வடிவமைப்புகளுக்கு 5 முதல் 7 விழுக்காடு. 1,200 கிலோ எடையுள்ள வண்டி அமெரிக்க வகையானால் 120 முதல் 180 கிலோ, ஐரோப்பிய வகையானால் 60 முதல் 84 கிலோ. காரின் இணைப்புக்கும் தனி உச்சவரம்பு உண்டு. இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. இணைப்புக்குக் கீழே கட்டை வைத்து, அதன் கீழே குளியலறைத் தராசை வைத்தால் வீட்டிலேயே அளந்துவிடலாம். எல்லாச் சாமானையும் ஏற்றிய பிறகு அளப்பதுதான் அளவு. அரிசி மூட்டை, தண்ணீர்ப் புட்டிகள், ஜெனரேட்டர் எல்லாம் அச்சுக்கு நேர் மேலே தரையோடு இருக்கட்டும். பின்கட்டிலோ மேல் அலமாரியிலோ கனமானது எதுவும் வேண்டாம்.

எரிவாயுவில் குளிர்நாட்டுக் கையேடும் நம் நிலையும் பிரிகின்றன. பியூட்டேன் சுழியத்துக்கு அரை பாகை கீழே போனால் ஆவியாவதை நிறுத்திவிடும். ஆகவே அங்கே புரோப்பேனைத் தேடுகிறார்கள். நமக்குக் கேமரன் மலையின் நள்ளிரவில்கூட அந்தக் கவலை இல்லை. இங்கே கவலை குளவி. அடுப்பின் பர்னர் குழாயிலும் எரிவாயுவில் ஓடும் குளிர்பெட்டியின் புகைப்போக்கியிலும் அது மண் கொண்டுவந்து கூடு கட்டிவிடும். சிலந்தியும் வலை பின்னும். இது அற்ப விஷயம் அல்ல. 2011-இல் மஸ்டா நிறுவனம் ஏறத்தாழ 65,000 கார்களைத் திரும்பப் பெற வேண்டி வந்ததற்குக் காரணமே, எரிபொருள் தொட்டியின் காற்றுக் குழாயில் சிலந்தி வலை கட்டியதுதான். நீலச் சுடர் மஞ்சளாக மாறிப் பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் காற்று சரியாகக் கலக்கவில்லை. கார்பன் மோனாக்சைடு கிளம்பும். பர்னரைக் கழற்றிக் குழாயைத் தூரிகையால் சுத்தம் செய்து, மறுபடி மாட்டிச் சுடரைப் பார்க்க வேண்டும்.

ரப்பர் குழாயில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பார்த்து, வெடிப்போ விறைப்போ தெரிந்தால் தயங்காமல் மாற்றிவிடலாம். மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசித் தோம்பைத் திறந்தால் கசியும் இடத்தில் குமிழி கிளம்பும். தீக்குச்சி கிழித்துச் சோதிக்கும் பழைய வழக்கத்தை அடியோடு விட வேண்டும். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். தோம்புப் பெட்டியின் அடியில் ஓட்டை வைத்திருப்பது அதற்காகத்தான். எறும்பு வருகிறது என்று அதைத் துணி திணித்து அடைப்பவர்கள் கண்ணிவெடியைத் தாங்களே பூட்டி வைக்கிறார்கள். சாலையில் ஓடும்போது தோம்பு மூடியிருக்க வேண்டும். மழை வந்ததென்று கரி அடுப்பைக் கேரவனுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ எடுத்துப்போகவே கூடாது.

தண்ணீர் விஷயத்தில்தான், தள்ளிவிட்ட பக்கங்களைத் திரும்பப் புரட்ட வேண்டியிருக்கிறது. லெஜியோனெல்லா என்ற நுண்கிருமி 20 முதல் 45 பாகை வெப்பத்தில் தேங்கிய நீரில் பெருகுகிறது. நம் ஊரில் தொட்டித் தண்ணீர் ஆண்டு முழுவதும் அந்த வெப்பத்திலேயே இருக்கும். குளிர்நாட்டுக்காரர் ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் வடிப்பை இங்கே ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் செய்ய வேண்டும். பருவத் தொடக்கத்தில் தொட்டியைச் சுத்திகரிக்க, வாசனை சேர்க்காத வீட்டுக் குளோரின் திரவம் போதும்; ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லிலிட்டர். 60 லிட்டர் தொட்டிக்கு 60 மில்லிலிட்டர். முதலில் வடிகட்டியைக் கழற்றிவிட்டு, திரவத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றித் தொட்டியை நிரப்பி, குளோரின் வாசம் வரும் வரை ஒவ்வொரு குழாயையும் திறந்துவிட்டு மூட வேண்டும். குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு அப்படியே விட்டு, பிறகு வாசம் போகும் வரை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். தொட்டி மூடி இறுகப் பொருந்தாவிட்டால் ஏடிஸ் கொசு முட்டையிடும், மூடியையும் பாருங்கள்.

எலி நுழைந்த அடையாளம் இருந்தால் துடைப்பத்தை எடுக்க வேண்டாம். எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் இந்நாட்டு முகாம் இடங்களுக்குப் புதியதல்ல. 2010-இல் பகாங்கின் லூபோக் யூ பொழுதுபோக்குப் பகுதியில் அது பரவி உயிர்களைப் பறித்தது. கையுறை போட்டு, கிருமிநாசினி தெளித்து ஊறவைத்து, ஈரத்துணியால் எடுத்து, துணியையும் சேர்த்துக் கட்டிப் போட வேண்டும். நுழைந்த துவாரத்தை இரும்புக் கம்பிப் பஞ்சு வைத்து அடைக்கலாம். எலி வந்த வண்டியில் மின்கம்பிகளை விரல் வைத்து நீளம் முழுக்கத் தடவிப் பார்க்காமல் மின்சாரம் கொடுக்கக்கூடாது.

மின்சாரத்தில் மற்றவை சுருக்கமே. 12 வோல்ட் ஈய மின்கலம் ஓய்வில் 12.6 அல்லது 12.7 காட்டினால் நிறைவு, 12.1-க்குக் கீழே மாதக்கணக்கில் விட்டால் அது மீளாது. காரோடு இணைக்கும் பிளக்கின் ஊசிகளில் பச்சைப் படலம் இருந்தால் சுரண்டிவிட்டு, பிரேக் விளக்கையும் சமிக்ஞை விளக்கையும் ஒருவரைப் பின்னால் நிற்கவைத்துச் சோதிக்க வேண்டும். முகாம் இடத்தில் மின்சாரம் எடுக்கும்போது ELCB என்று எல்லோரும் சொல்லும் கசிவுத் துண்டிப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பது கட்டாயம். நீட்டிப்புக் கம்பியைச் சுருளாகவே விட்டு ஏர்கோன் ஓட்டினால் சுருள் சூடேறி உருகும். முழுவதையும் விரித்துப் போட வேண்டும்.

1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், மோட்டார் வாகனம் இழுத்துச் செல்லும் வண்டியையும் மோட்டார் வாகனமாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆகவே கேரவனின் பதிவு, சாலை வரி, காப்புறுதி மூன்றின் காலாவதித் தேதியையும் டிசம்பரிலேயே பார்த்துவிட வேண்டும். கார்க் காப்புறுதி இழுத்துச் செல்வதை ஏற்கிறதா என்பதை முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது பின்னால் உதவும்.

எல்லாம் முடிந்ததும் முதல் இரவைச் சொந்த வாசலிலேயே கழிக்க வேண்டும். தண்ணீரும் அடுப்பும் விளக்கும் அங்கே பழுதானால் கடை பக்கத்தில் இருக்கிறது. அடுத்தது தெலுக் பாத்தேக். அரை மணி நேரத்தில் வீடு திரும்பலாம். அங்கே குரங்குகளுக்குக் கதவின் தாழ்ப்பாள் பழக்கமான ஒன்று என்பதால் சாப்பாட்டை வெளியே வைக்க வேண்டாம். கூட்டம் குறைவான கடற்கரை வேண்டுபவர்கள் பிறகு செகாரி வழியாகத் தெலுக் செனாங்கின் போகலாம். மூன்றாவதாக ஈப்போ வரை ஓர் ஓட்டம். வழிநடுவில் போத்தா கானானில், ஆற்று ஆமைகளைக் காக்கும் நிலையத்தருகே நிறுத்தி, சக்கர மையத்தைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால் அந்தப் பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது. சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் முதல் 80 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி இறுக்கிவிட வேண்டும். இந்த மூன்றிலும் தேறாத வண்டியைச் சிம்பாங் பூலாயிலிருந்து கேமரனுக்கு ஏறும் மலைப்பாதையில் விடுவது ஆபத்து.

வண்டி தயாரான பிறகும் ஒரு கேள்வி மிச்சம்: எங்கே நிறுத்துவது? 1996 ஆகஸ்ட் 29 அன்று கம்பாருக்கு அருகே போஸ் டிப்பாங்கில் மலையிலிருந்து இறங்கிய மண்ணும் மரமும் கலந்த வெள்ளம் 44 பேரைக் கொன்றது. 2022 டிசம்பர் 16 அதிகாலையில் சிலாங்கூரின் பத்தாங் காலியில் முகாமிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது மலைச்சரிவு விழுந்து 31 பேர் மாண்டார்கள். இரண்டும் நம் மனத்தில் இருக்க வேண்டும். வெட்டிய சரிவின் அடியிலும், ஆற்றின் வளைவுக்கு உள்ளே தாழ்ந்த மணல் திட்டிலும் கேரவனை நிறுத்தக்கூடாது. நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே காட்டில் மழை பெய்தால் கெப்பாலா ஆயர் எனும் திடீர் வெள்ளம் வரும். தெளிந்த தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால் சாமானை எடுக்க நிற்காமல் மேட்டுக்குப் போய்விட வேண்டும். கேரவனின் மூக்கு வெளியேறும் வழியைப் பார்த்தபடி நிற்கட்டும். இடத்தைப் பதிவு செய்யும் முன் அதற்கு ஊராட்சி மன்ற உரிமம் இருக்கிறதா என்று நடத்துபவரிடம் கேளுங்கள். மஞ்சோங் மாவட்டத்துக்குள் என்றால் மஞ்சோங் நகராண்மைக் கழகத்தில் விசாரிக்கலாம். பதில் மழுப்பலாக வந்தால் முன்பணம் கட்டாதீர்கள்.